வயிற்றில் கரையும் புளி

அச்சம் வந்தால் 'அஞ்சினேன்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது தமிழர் வழக்கமன்று. வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம். பிறர் வாழ்வு கண்டு பொறாதவருக்கு வயிறு எரிகிறது. பிள்ளையைப் பிரிந்தவளுக்குப் பெற்ற வயிறு பற்றிக்கொள்கிறது. துக்கம் தொண்டையை அடைக்கிறது. கவலை நெஞ்சில் கல்லாகக் கனக்கிறது. நல்ல சொல் கேட்டால் உச்சி குளிர்கிறது. கெட்ட செய்தி கேட்டாலோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவையெல்லாம் வெறும் சொல்லலங்காரம் என்றே நம்மில் பலர் எண்ணிவிட்டோம். உடலியல் அறிஞரைக் கேட்டால், இவற்றுள் பலவும் உள்ளதை உள்ளபடி உரைத்த சொற்கள் என்பார்.

தொல்காப்பியர் தம் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் வகுத்தார். உள்ளத்தில் தோன்றுவது மெய்யிலே வெளிப்படுவதால் அது மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, அச்சம், சினம் முதலிய எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நந்நான்கு என்றும் கணக்கிட்டார். அவற்றுள் அழுகை பிறக்கும் இடம் ஒன்றுக்கு 'அசைவு' என்று பெயர். முன்பிருந்த நிலை குலைந்து, வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துவதே அசைவு என்று பேராசிரியர் உரை கொள்கிறது. உற்றாரை இழந்தவர் அழுவது வேறு, வறுமையால் அழுவது வேறு. நிலை மாறியதற்காகவே ஒருவர் அழுவதும் உண்டு என்று நம் பழைய நூல் ஒப்புக்கொண்டு, அதற்குத் தனியே ஒரு பெயரும் சூட்டியிருக்கிறது. தலைநகரில் வந்து குடியேறிய நமக்குப் பொருந்துவது போல் இச்சொல் வேறு எவர்க்குப் பொருந்தும்?

நம் சங்கத்துக் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரே செய்தியை மீண்டும் மீண்டும் கேட்கிறோம். ஊரில் தந்தையார் காலமாகிவிடுகிறார். தாயாரைத் தனியே விட மனமின்றி மகன் தில்லிக்கு அழைத்து வருகிறார். கும்பகோணத்திலோ பாளையங்கோட்டையிலோ அறுபது ஆண்டு வாழ்ந்தவர், மயூர் விகாரில் ஐந்தாம் மாடியில் ஒரு சன்னலோரத்தில் அமர்கிறார். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் இரவு எட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் புரிகிறது. விடை மட்டும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வருகிறது. கோலமிட வாசல் இல்லை. தள்ளுவண்டிக் காய்காரனிடம் பேரம் பேச மொழி இல்லை. மூன்று நான்கு மாதம் கழிந்ததும் அம்மையார் சொல்லத் தொடங்குகிறார்: நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, சாப்பிட்டது அப்படியே நிற்கிறது, மூச்சு முழுதாக இறங்கவில்லை.

மகன் பொறுப்புள்ளவர். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். இரத்தச் சோதனை, ஈ.ஸி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாகிறது. எல்லாமே 'நார்மல்' என்று தாள் வருகிறது. மகன் மகிழ்ச்சியோடு, "உனக்கு ஒன்றும் இல்லை அம்மா" என்கிறார். அம்மையார் முகம் வாடிவிடுகிறது. இத்தனை பணத்தைச் செலவழிக்க வைத்துத் தாம் பொய் சொன்னதாக ஆகிவிட்டதே என்ற வருத்தம் புதிதாக வந்து சேர்கிறது. அன்றிரவு படபடப்பு இன்னும் கூடுகிறது.

'ஒன்றும் இல்லை' என்ற அந்த ஒரு சொல்லை நம் இல்லங்களிலிருந்து நீக்கவேண்டும் என்பதற்காகவே இம்மாதம் இப்பகுதியை எழுதுகிறோம். சோதனையில் தென்படாதது வேறு, இல்லாதது வேறு. படபடப்பு உண்மை, செரியாமை உண்மை. அவை எவ்வாறு உண்டாகின்றன என்பதை அறிஞர்கள் கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்று விரித்துரைப்போம்.

1822ஆம் ஆண்டு ஜூன் மாதம், வட அமெரிக்கப் பேரேரிகளின் நடுவே உள்ள மக்கினாக் தீவில் தோல் வணிகக் கடை ஒன்றில் துப்பாக்கி தவறிச் சுட்டுவிட்டது. அலெக்சிஸ் சான் மார்ட்டின் என்ற கூலியாளின் இடப்புற விலாவின் கீழ்ப் பெருங்காயம். கனடாவிலிருந்து படகு வலிக்க வந்தவர் அவர். பிரெஞ்சு மொழி பேசுபவர். பிழைக்கமாட்டார் என்றே எல்லோரும் எண்ணினர். இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் சிகிச்சை செய்தார். ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையிலிருந்து வெளித்தோல் வரை ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. உள்ளே நடப்பதை அத்துளையின் வழியே காணலாம்! மருத்துவர் விடுவாரா? 1825 தொடங்கி 1833 வரை இடையிடையே இருநூறுக்கு மேற்பட்ட சோதனைகளை நடத்தினார். பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி உள்ளே விட்டு, எத்தனை நேரத்தில் கரைகிறது என்று பார்த்தார். செரிமானத்தைப் பற்றி அதுவரை எவரும் அறியாதவற்றையெல்லாம் எழுதி 1833இல் நூலாக வெளியிட்டார்.

அந்நூலில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சான் மார்ட்டின் சினமுற்றபோதும் பொறுமை இழந்தபோதும் அவருடைய இரைப்பையின் உட்புறம் நிறம் மாறியதையும், செரிமானம் தடைப்பட்டதையும், இரைப்பையில் பித்தநீர் காணப்பட்டதையும் மருத்துவர் குறித்து வைத்தார். வயிறு எரிகிறது என்ற நம் வழக்கிற்குக் கண்ணால் கண்ட சான்று அது.

அவர் ஏன் சினமுற்றார் என்பதை மருத்துவர் அவ்வளவாக ஆராயவில்லை. நமக்கோ அதுதான் உடனே விளங்குகிறது. அயலூரில், அயல்மொழியாரிடையே, மருத்துவரின் வீட்டிலேயே வேலையாளாக இருந்துகொண்டு, நாள்தோறும் வயிற்றைத் திறந்து காட்டவேண்டிய நிலை! ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டார். குடும்பத்தோடு மீண்டும் அழைத்துவரப்பட்டார். மறுபடியும் ஊர் சென்றார். இறுதியாக ஊர் திரும்பியவர், மருத்துவர் எத்தனை கடிதம் எழுதியும் வரவே இல்லை. 1880இல் தம் மக்களிடையே காலமானார். மருத்துவர் 1853இலேயே மறைந்துவிட்டார். வயிற்றில் துளையோடு அத்தனை காலம் வாழ்ந்த அந்த ஏழைக் கூலியாளிடம் நமக்கு ஒரு தனிப் பரிவு உண்டு.

அதன்பின் 1890களின் இறுதியில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கானன் என்ற மாணவர், அப்போதுதான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸ்ரே கதிரைக் கொண்டு பூனையின் இரைப்பை அசைவதை ஆராய்ந்தார். பிஸ்மத் என்ற உலோக உப்பு கலந்த உணவை உண்ட பூனையின் வயிற்றில், இரைப்பை அலையலையாகச் சுருங்கி விரிவது நிழலாகத் தெரிந்தது. பூனை கலங்கிச் சீறியதும் அந்த அலை அப்படியே நின்றுவிட்டது. தடவிக்கொடுத்து அமைதியுறச் செய்ததும் மீண்டும் தொடங்கியது. 'சாப்பிட்டது அப்படியே நிற்கிறது' என்று நம் வீட்டுப் பெரியவர் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? பூனைக்குத் தடவிக்கொடுக்க ஒருவர் இருந்தார் என்பதுதான் வேறுபாடு.

கானன் 1915இல் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை விளக்கினார். புலியைக் கண்ட உயிர் ஒன்று போரிடவேண்டும், அல்லது ஓடவேண்டும். அவ்வேளையில் சோறு செரிப்பது அவசர வேலை அன்று. ஆகவே உடல், வயிற்றுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துக் கைகால் தசைகளுக்கு அனுப்புகிறது, இதயத்தை விரைவாக அடிக்கச் செய்கிறது, மூச்சை வேகமாக்குகிறது, உள்ளங்கையை வியர்க்க வைக்கிறது. புலி போய்விட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் தில்லியில் நம்மை அச்சுறுத்துபவை புலிகள் அல்ல. வீட்டு வாடகை, பிள்ளையின் நுழைவுத் தேர்வு, ஊரில் பூட்டிக்கிடக்கும் வீட்டின் கூரை, மேலதிகாரியின் முகம். இவை போவதில்லை, எனவே உடலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. போரிடவும் முடியாமல் ஓடவும் முடியாமல், நாற்காலியில் அமர்ந்தபடியே நாள் முழுவதும் ஆயத்த நிலையில் இருக்கிறோம்.

உடலைக் கிளர்ந்தெழச் செய்யும் நரம்புக் கூட்டம் ஒன்று இருப்பது போலவே, தணித்து ஓய்வுபெறச் செய்யும் கூட்டமும் உண்டு. பின்னதில் தலையாயது வேகஸ் என்ற நரம்பு. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுத் தொண்டை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று உடம்பெங்கும் திரிந்து செல்வது. இலத்தீனில் அப்பெயருக்கு அலைபவன் என்றே பொருள். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஏற்ற நரம்புதான். அதில் ஒரு வியப்பு உண்டு. அந்நரம்பின் இழைகளுள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, மூளையின் கட்டளையை உடலுக்குக் கொண்டு செல்பவை அல்ல. உடலின் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்பவை. மனம் கலங்கினால் வயிறு கலங்கும் என்பது பாதிச் செய்தியே. மூச்சும் இதயமும் வயிறும் அமைதியுற்றால் அச்செய்தி மேலே சென்று மனத்தையும் தணிக்கும் என்பது மறுபாதி. 'கவலைப்படாதே' என்று ஆயிரம் முறை சொல்லியும் தணியாத மனம், சூடான ரசமும் ஆறுதலாக ஒரு நடையும் கண்டால் தணிவதை நாம் அறிவோம் அல்லவா?

நிற்க. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா நோய்க்கும் மனமே காரணம் என்று கூறுவோரும் பெருகிவிட்டனர். அது முன்னதைவிடப் பெரிய தீங்கு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், பெரும்பாலான புண்களுக்குக் காரணமான நுண்ணுயிரைப் பிரித்தெடுத்துக் காட்டினர். எவரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து நோயுற்றார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் வற்றல் குழம்பு ஒருவாறு பழியிலிருந்து தப்பியது. மற்றொரு முக்கியக் காரணம் வலி மாத்திரைகள். மூட்டு வலிக்கென்று கடையில் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்கும் பெரியோர் நம்மிடையே பலர் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

ஆகவே படபடப்பு என்றதும் முதலில் மருத்துவரிடம்தான் செல்லவேண்டும். இரத்தசோகை, தைராய்டு மிகுதி, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவற்றாலும் நெஞ்சு படபடக்கும். மரக்கறி மட்டுமே உண்பவர்க்குப் பி12 சத்துக் குறைந்தால் சோர்வும் மனவாட்டமும் கைகால் மரத்துப்போதலும் வரலாம். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு கண்டால், 'வாயுவாக இருக்கும்' என்று ஓமம் மென்றுகொண்டு காத்திருக்கலாகாது, உடனே மருத்துவமனை. மகளிர்க்கும் நீரிழிவு உள்ளவர்க்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் களைப்பும் குமட்டலும் மூச்சுத் திணறலுமாக வருவது உண்டு. ஆடவர் சிலர் கவலை என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார்கள். எதற்கும் 'கேஸ்' என்பார்கள். அவர்களுக்கும் இதையே சொல்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் நெருங்கிய உறவினர் இறந்த செய்தி நள்ளிரவில் தொலைபேசியில் வருகிறது. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறோம். கிராமத்து வீடாயின் வாய்விட்டு அலறலாம், தெருவே கூடிவரும், பெண்கள் தோள் கட்டி ஒப்பாரி வைப்பார்கள். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் உறக்கம் கெடுமே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். அடக்கிய அழுகை உடலை என்ன செய்யும் என்று அளந்து சொல்ல நம்மால் இயலாது. ஆனால் பெருந்துயரம் இதயத்தையே தாக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நிலையை விவரித்தார்கள். திடீர்த் துயரத்துக்கோ கடும் நோய்க்கோ ஆளானவரின் இதய இடக்கீழறை, அடைப்பு எதுவும் இன்றியே பலூன் போல் உப்பிச் செயல் குன்றுகிறது. அந்நாட்டில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவம் போல் தோன்றியதால் 'டாக்கோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். மாதவிடாய் நின்ற மகளிர்க்கே மிகுதியாக வருகிறது. மாரடைப்பு போலவே தோன்றும். மருத்துவமனையில் கவனித்தால் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவர். நெஞ்சு வெடித்துவிடும் போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இனி அதையும் அணி இலக்கணத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

இனி, உடலின் வழியே மனத்தைத் தணிக்கும் வழிக்கு வருவோம். இதயத்தை நேரே கட்டுப்படுத்த முடியுமா? யோகியர் இதயத்தை நிறுத்திவிடுவர் என்று நம் நாட்டில் நெடுங்காலமாகப் பேச்சு உண்டு. 1924இல் பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே லோணாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், யோகப் பயிற்சிகளைக் கருவிகளைக் கொண்டு அளந்து ஆராயும் வழியைத் தொடங்கிவைத்தார். 1935இல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சுப் பெண் மருத்துவர் ஈ.ஸி.ஜி. கருவியோடு இந்தியா வந்து, யோகியரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். பின்னர் நம் தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் உடலியல் பேராசிரியர் பி.கே. ஆனந்த், அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கர், பாக்சி என்னும் இருவரோடு சேர்ந்து இக்கேள்வியை மேலும் ஆராய்ந்து 1961இல் முடிவை வெளியிட்டார். நாடி மறைந்தது, இதய ஒலியும் கேட்கவில்லை, ஆனால் ஈ.ஸி.ஜி.யில் துடிப்பு நிற்காமல் தொடர்ந்தது. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியதால் நாடி மட்டுமே கைக்கு எட்டாமல் போயிற்று.

இதைக் கேட்டு மனம் தளரவேண்டியதில்லை. அதே ஆண்டு அதே பேராசிரியர் குழு, இராமானந்த யோகி என்பவரைக் காற்றுப்புகாப் பெட்டிக்குள் அமர்த்தி அளந்தது. அசையாது அமைதியாக அமர்ந்து, தம் பிராணவாயுத் தேவையை அடிப்படைத் தேவைக்கும் கீழே அவரால் குறைக்க முடிந்தது என்று கண்டார்கள். அற்புதம் பொய்யாயிற்று, பயிற்சி மெய்யாயிற்று. நமக்கு வேண்டியது பின்னதுதானே?

இதயம், குடல், வியர்வை இவையெல்லாம் நம் கட்டளையைக் கேளாமல் தாமே இயங்குபவை. மூச்சு ஒன்றே தானாகவும் இயங்கும், நாம் சொன்னபடியும் கேட்கும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. விடும்போது வேகஸ் நரம்பு கடிவாளத்தைப் பிடிக்க, சற்று மெதுவாகிறது. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தால் பலர் இதைத் தாமே உணரலாம். ஆகவே விடும் மூச்சை நீட்டினால் இதயம் தணியும் நேரமும் நீளும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம். 2001இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 23 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், இலத்தீன் செபமாலையைச் சொல்லும்போதும், 'ஓம் மணி பத்மே ஹும்' என்ற மந்திரத்தைச் சொல்லும்போதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்ததையும், இதயமும் இரத்த அழுத்தமும் ஒத்திசைந்து இயங்கியதையும் கண்டார்கள். சமயம் வேறு, மொழி வேறு. மூச்சின் அளவு ஒன்றே. நம் பாட்டிமார் நீட்டி இழுத்துப் பாடிய தாலாட்டுக்கும் இதில் பங்கு இருக்கும் என்பது நம் எண்ணம். அதனை அளந்து பார்க்கத்தான் எவரும் வரவில்லை.

செய்யும் முறை எளிது. முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி நாற்காலியில் அமர்க. பெரியோரைத் தரையில் பத்மாசனமிடச் சொல்லி வதைக்க வேண்டா. நான்கு எண்ணும்வரை மூக்கினால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுக. இடையில் அடக்கவேண்டியதில்லை. இவ்வாறு காலையும் மாலையும் ஐந்து அல்லது பத்து நிமிடம் போதும். ஆறு வரை எண்ண முடியாதவர் ஐந்தோடு நிறுத்தலாம். தலை சுற்றினால் விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடலாம். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள், தொலைக்காட்சியைப் பார்த்து வேகமாக மூச்சை அடித்துவிடும் பயிற்சிகளில் இறங்கலாகாது. இம்மென்மையான பயிற்சி இரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கலாம். மாத்திரையை நிறுத்துவதற்கு அது அனுமதிச் சீட்டு அன்று.

நடையைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறோம். தில்லிக்கு மட்டும் ஒன்று: நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலையில் புகையும் பனியும் கலந்து கிடக்கும்போது பெரியோரை வெளியே அனுப்பாதீர்கள். வெயில் ஏறிய பின் பதினொரு மணிக்குமேல் நடக்கட்டும். காற்று மிகவும் கெட்ட நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

உணவைப் பற்றி ஒரு சொல். 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவு இரைப்பையை அடையும் முன்னரே, அதன் தோற்றமும் மணமும் சுவையுமே செரிமான நீரைச் சுரக்கச் செய்கின்றன என்று நாய்களிடம் காட்டினார். பெருங்காயம் தாளிக்கும் மணம் மூக்கில் ஏறும்போதே வயிறு ஆயத்தமாகிறது. காலையில் சமைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் போன உணவை, பகல் ஒரு மணிக்கு அம்மையார் தனியே சூடாக்கி, சுவரைப் பார்த்தபடி நான்கு வாய் விழுங்குகிறார். அவருக்குச் செரிக்கவில்லை என்றால் குறை வயிற்றில் மட்டுமா? ஒரு வேளையாவது குடும்பத்தோடு அமர்ந்து அவர் உண்ணட்டும். இயன்றால் தாளிப்புக் கரண்டியை அவர் கையில் கொடுங்கள். 'நீ ஓய்வெடு அம்மா' என்று அடுக்களையிலிருந்து அறவே விலக்கிவைப்பதை நாம் அன்பு என்று எண்ணுகிறோம். அவருக்கு அது வேலைநீக்க ஆணை போல் இருக்கிறது.

மூச்சுப் பயிற்சி தனிமையைப் போக்காது. இதை மறைத்து எழுதினால் நேயர்களை ஏய்த்தவர் ஆவோம். பேசுவதற்கு ஆள் வேண்டும். அதுவும் தம் மொழியில் வேண்டும். இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரின் படிகளிலும் கரோல் பாக்கின் பழைய தெருக்களிலும் நம் பெரியோர் கூடிப் பேசிய காலத்தில், குடியிருப்புகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. இன்று நாம் துவாரகா, நொய்டா, குருகிராம் என்று சிதறிக் கிடக்கிறோம். ஒரே வளாகத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் லிஃப்டில் ஒருவரையொருவர் இந்தியில் நலம் விசாரித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். உங்கள் வளாகத்தில் மற்றொரு வீட்டிலும் பெரியவர் இருக்கிறாரா என்று இவ்வாரமே கேட்டறியுங்கள். இருவரும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தேநீருக்குச் சந்திக்கட்டும். பூர்வீகம் தஞ்சையா நெல்லையா என்ற வழக்கு முதல் நாளே தொடங்கிவிடும்; அதுவே நல்ல அறிகுறி.

இவை எதற்கும் தணியாமல், இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமின்மையும் பசியின்மையும் அழுகையும் தொடர்ந்தால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்ற சொல் ஒருமுறை வந்தாலும், மனநல மருத்துவரை நாடவேண்டும். அது வெட்கப்படும் செய்தி அன்று. தில்லியில் தமிழ் அறிந்த மருத்துவர் கிடைப்பது அரிதே. அதற்கும் ஒரு வழி உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி உதவியை, நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, எந்நேரமும் அழைக்கலாம். அது வழங்கப்படும் மொழிகளுள் தமிழும் ஒன்று. தொடக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் அறிவிப்பு வரும்; அதுவே பெரியோர்க்குக் குழப்பமாக இருக்கக்கூடும். மகனோ பேத்தியோ எண்ணை அழுத்தி, தமிழில் குரல் கேட்டதும் தொலைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.